வீட்டு விழாவிற்கு நம் கைவண்ணம்

(கைவினைக் குழு மாணவியர், ஒன்பதாம் வகுப்பு)

வீட்டில் ஒரு விழா வருகிறதென்றால் முதலில் மகிழ்பவர்கள் பிள்ளைகள். முதலில் கவலைப்படுபவர்கள் பெற்றோர். புதுநன்மை, நிச்சயதார்த்தம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று எதுவாயினும், சாப்பாட்டுச் செலவும் துணிச் செலவும் போக, இப்போது அலங்காரச் செலவு என்று மூன்றாவது ஒன்றும் வந்து நிற்கிறது. முன்பெல்லாம் வாசலில் வாழை மரமும் மாவிலையும் கட்டினால் விழா வீடு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இன்றோ பின்னால் ஒரு திரை, அதன்மேல் பலூன் வளைவு, தெர்மாகோலில் வெட்டிய பெயர் என்று எல்லாம் இருந்தால்தான் நிழற்படத்திற்கு அழகு என்று ஆகிவிட்டது. ஒரு மாலைப் பொழுதுக்காக வாடகைக்கு வந்து, மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியில் பாதியாகக் கிடக்கும் அந்த அலங்காரத்திற்கு எங்கள் ஊரில் ஒருவர் கேட்ட தொகை 9,500 ரூபாய்.

இந்தத் தொகை எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தங்கைக்குச் சென்ற மே மாதம் புதுநன்மை. தோழியின் அம்மா வீட்டிலேயே தையல் தைப்பவர். மற்றப் பிள்ளைகள் வீட்டில் செய்வதைப்போலத் தங்கள் வீட்டிலும் செய்ய வேண்டுமென்று, காதிலிருந்த கம்மலை அடகு வைக்கத் தீர்மானித்திருந்தார். தோழி இதை யாரிடமும் சொல்லவில்லை. தங்கைதான், மறைக்கத் தெரியாத வயது, மதிய உணவு வேளையில் எங்களிடம் சொல்லிவிட்டாள். (தோழியின் இசைவு பெற்றே இதை எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாமென்றாள்.)

நாங்கள் செய்த முதல் காரியம் தவறானது. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், "உன் வீட்டு அலங்காரத்தை நாங்களே இலவசமாகச் செய்து தருகிறோம்" என்று உரக்கச் சொன்னோம். நல்லது செய்வதாகத்தான் நினைத்தோம். அவள் முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் எங்கள் எவரோடும் பேசவில்லை. கைவினை வகுப்பு எடுக்கும் அருட்சகோதரியிடம் போய்ச் சொன்னோம். அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அவளுடைய அம்மாவுக்குத் தையல் தெரியுமே. துணித் தோரணம் தைக்க உங்களுக்கு யாராவது கற்றுத்தர வேண்டாமா? போய்க் கேளுங்கள்" என்றார்கள். அன்று மாலையே போனோம். கற்றுக்கொள்ள என்று போன பிறகு, அந்த வீட்டுக் கதவு எங்களுக்கு எளிதாகத் திறந்தது. ஆகவே இக்கட்டுரையில் உள்ளவற்றில் பாதி, தோழியின் அம்மா கற்றுத் தந்தது.

முதலில் பசையைப் பற்றி. காகித வேலை எதற்கும் பசைதான் அடிப்படை. கடையில் விற்கும் சிறு புட்டிப் பசை ஒரு நட்சத்திரத்திற்குக்கூடக் காணாது. 50 கிராம் மைதாவைக் கால் லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு அடுப்பில் சிறு தீயில் வைத்துக் கிண்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். எவ்வளவு கிண்டினாலும் உடையாது. வெள்ளையாக இருந்த கரைசல் கண்ணாடிபோல் சற்றுத் தெளிந்து, கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரும்போது இறக்கிவிடலாம். இரண்டு நாளில் புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதைக் காய்ச்சுவதே நல்லது. புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. சிறு பிள்ளைகள் கையை வாயில் வைக்கும் வீட்டில் அதைச் சேர்க்கவே கூடாது. ஒரு வாரம் தொங்கப் போகிற தோரணத்தைப் பூச்சி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

எங்கள் குழு முதன்முதலாகச் செய்தது புதுநன்மை அலங்காரம் அன்று. அதற்கு முந்திய டிசம்பரில் செய்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம். கடையில் மடித்து விற்கும் அட்டை நட்சத்திரம் ஒரு மழைக்குத் தாங்காது. மூங்கிலில் கட்டினால் சட்டம் பல ஆண்டுகள் இருக்கும். ஆண்டுதோறும் காகிதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஏனெனில் பலரும் "கோணல் வந்துவிடுகிறது" என்று பாதியில் கைவிடுவது இதைத்தான்.

கூடை முடைகிறவர்களிடம் கேட்டால் மூங்கிலை மெல்லிதாகக் கீறிய பிளாச்சு கிடைக்கும். ஒரே நீளத்தில் பத்து வேண்டும். எங்களுடையது 30 அங்குலம். ஒவ்வொரு பிளாச்சிலும் இரு முனைகளிலிருந்தும் 11½ அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நடுவில் 7 அங்குலம் மிஞ்சும். இந்த இரு கோடுகளில்தான் முழு இரகசியமும் இருக்கிறது. ஐந்து பிளாச்சுகளை நட்சத்திர வடிவில் பரப்பும்போது, கோடும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு வைத்தால் ஐந்து முனைகளும் தாமாகவே சரியாக அமைந்துவிடும், கோணமானியே வேண்டாம். வேறு நீளத்தில் செய்கிறவர்கள், பிளாச்சின் நீளத்தை நூறு பங்காக வைத்து 38, 24, 38 என்று பிரித்துக்கொள்ளுங்கள். அரை அடி வித்தியாசமானாலும் கணக்கு மாறாது. இது பொன் விகிதம் என்று எங்கள் கணக்கு ஆசிரியை சொன்னார்கள். நாங்கள் அதை அரையாண்டுத் தேர்வுக்குப் படித்ததைவிட நூலால் கட்டியபோதுதான் நன்றாகப் புரிந்துகொண்டோம்.

ஐந்து முனைகளையும் ஐந்து சந்திப்புகளையும் நூலால் இறுகக் கட்டி ஒரு நட்சத்திரம், அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே இருக்கும் ஐந்து சந்திப்புகளிலும் முன் சட்டத்திற்கும் பின் சட்டத்திற்கும் இடையே ஒரு குட்டைக் குச்சியை நெம்பி நிறுத்தினால், தட்டையாக இருந்தது வயிறு ஊதி எழும்பும். அந்த நேரத்தில் குழுவில் எல்லாரும் கை தட்டினோம். கை தட்டி முடிவதற்குள் ஒரு பிளாச்சு படீரென்று முறிந்தது. குட்டைக் குச்சியை 7 அங்குலமாக வெட்டியிருந்தோம். காய்ந்த மூங்கில் அவ்வளவு வளைவைத் தாங்கவில்லை. 5 அங்குலம் போதும். பிளாச்சை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு வளைத்தால் இன்னும் நல்லது.

காகிதத்திற்குப் பட்டத் தாளே சிறந்தது. மெல்லியதாதலால் ஒளி நன்றாக ஊடுருவும். முன்னும் பின்னுமாக 7 அங்குல அடியுள்ள முக்கோணம் பத்து. பக்கவாட்டில் 5 அங்குல அடியுள்ள முக்கோணம் பத்து. நடுவில் ஐங்கோணம் இரண்டு. எல்லாவற்றிலும் ஒட்டுவதற்கு அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். பின்பக்க ஐங்கோணத்தின் மேல் விளிம்பை மட்டும் ஒட்டிவிட்டு, மற்றதைக் கதவுபோல் விட்டுவிடுங்கள். விளக்கு வைக்க அது வழி. நான்கு தாள் போதும், நாங்கள் ஆறு வாங்கினோம், இரண்டு கிழிந்தன. பிளாச்சு 60, தாள் 30, நூல் 15, மைதா 10 ஆக 115 ரூபாய் செலவு.

விளக்கைப் பற்றி ஒரு சொல். சில வீடுகளில் பழைய பழக்கத்தில் உள்ளே மெழுகுதிரி வைப்பதுண்டு. காற்றில் நட்சத்திரம் ஒருமுறை ஆடினால் போதும், தீப்பற்றிவிடும். பழைய குண்டு பல்பும் சூடேறித் தாளைக் கருக்கும். 'ஜீரோ வாட்' என்று நாம் சொல்லிவந்த சிறு பல்பும் பெயருக்குத்தான் ஜீரோ. உண்மையில் 12 முதல் 15 வாட் வரை எடுக்கும். இப்போது கிடைக்கும் எல்.இ.டி. விளக்கு அதிகம் சூடாவதில்லை, மின்சாரமும் குறைவு. ஒயரில் ஒட்டுப் போட்டிருந்தால் அப்பாவிடமோ அண்ணனிடமோ காட்டிவிட்டுத்தான் தொங்கவிட வேண்டும். மழைத் தூறல் படும் இடமாயின் வேண்டவே வேண்டாம்.

இனிப் புதுநன்மை வீட்டிற்கு வருவோம்.

தோழியின் அம்மாவின் தையல் இயந்திரத்திற்கு அடியில் ஒரு சாக்கு நிறைய வெட்டுத் துணி இருந்தது. சுடிதார், ரவிக்கை, பாவாடை என்று பலர் வீட்டுத் துணியின் மிச்சம். அதைத் தரையில் கொட்டியதும் எங்களுக்கு அலங்காரத்தின் பாதி கிடைத்துவிட்டது. வெள்ளையும் சந்தனமும் இளம்பச்சையும் மட்டும் பொறுக்கினோம். எல்லா நிறத்தையும் ஒரே தோரணத்தில் சேர்த்தால் திருவிழாக் கடை போலாகிவிடும். மூன்று நிறத்திற்கு மேல் வேண்டாம் என்பது அவருடைய கட்டளை. ஆறு அங்குல அகலமும் எட்டு அங்குல நீளமும் உள்ள முக்கோணங்களாக வெட்டி, பழைய புடவைக் கரையை நீள நாடாவாக மடித்து அதற்குள் செருகி ஒரே ஓட்டமாக இயந்திரத்தில் தைத்தார். 40 அடித் தோரணம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. விளிம்பு பிரியாமலிருக்க, வளைந்து வளைந்து வெட்டும் ஜிக்ஜாக் கத்தரி இருந்தால் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம்.

துணி ரோஜா இன்னும் எளிது. இரண்டு அங்குல அகலமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, திறந்த விளிம்பில் ஊசியால் ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்தால் துணி சுருங்கும். சுருங்கியதை உள்ளிருந்து வெளியாகச் சுற்றி அடியில் நான்கு தையல் போட்டால் பூ. "கையால தைக்கத் தெரியாத பிள்ளைக்கும் வர்ற ஒரே பூ இதுதான்" என்றார் அவர். எங்களில் இருவருக்கு அதுவும் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அவர்களை நூல் கோக்க வைத்தோம்.

வெள்ளைத் துணி நிறைய மிஞ்சியது. அதில் கொஞ்சத்திற்கு மஞ்சள் சாயம் ஏற்றினோம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்துத் துணியை அரை மணி நேரம் போட்டால் போதும். அதில் சிறிது சுண்ணாம்புத் தெளிவு சேர்த்தால் ஆரத்தி நீர்போலச் சிவந்துவிடும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்ததுதான். அப்படிச் சாயமேற்றிய துணியைச் சோப்பில் துவைத்தாலும் சிவக்கும். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் அலசினால் பழையபடி மஞ்சளாகும். வெயிலில் மட்டும் உலர்த்தக் கூடாது, வெளுத்துவிடும். நாங்கள் மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு வகுப்புக்குப் போனோம். மாலையில் பார்த்தால் எலுமிச்சை நிறம் பழைய காகித நிறமாகியிருந்தது.

கிரேப் தாளில் பூச் செய்கிறவர்கள் அனைவரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. அந்தத் தாளில் நுண்ணிய மடிப்புக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். தாள் அக்கோடுகளுக்குக் குறுக்காக மட்டுமே இழுபடும். இதழின் அடியிலிருந்து நுனிக்குக் கோடுகள் ஓடுமாறு வெட்டினால், நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் குழிக்கலாம். உண்மையான ரோஜா இதழ்போல் நிற்கும். மாற்றி வெட்டினால் எவ்வளவு அழுத்தினாலும் குழியாது, கிழியும். இதழ் நுனியை ஒரு பென்சிலில் சுற்றி எடுத்தால் வெளிப்புறம் சுருளும். ஐந்து சிறிய இதழும் ஏழு பெரிய இதழும் ஒரு பூவிற்குப் போதும். பூக்காம்பிற்குக் கம்பி வாங்கினோம்; பிறகுதான் வீட்டுத் துடைப்பத்தின் ஈர்க்கே போதும் என்று தெரிந்தது. கம்பிக்குக் கொடுத்த 40 ரூபாய் வீண்.

பூக்களைச் செருகி வைக்கப் பச்சைப் பஞ்சுக் கட்டி என்று ஒன்று விற்கிறார்கள். வாழை மரத் தண்டை அரை அடித் துண்டுகளாக வெட்டி நிறுத்தினால் அதைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதனுள் ஈரம் இருப்பதால் கூடச் செருகும் மாங்கொழுந்தும் குரோட்டன் இலையும் மறுநாள் வரை வாடாது. ஆனால் வாழைக்கறை துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. அடியில் ஒரு பழைய தட்டு வையுங்கள். சீருடையோடு இந்த வேலைக்கு உட்காராதீர்கள்.

வாசல் தோரணத்திற்குக் குருத்தோலை. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை பின்னிப் பழகிய விரல்கள் நம்முடையவை. ஆதலால் தோரணம் நமக்கு எளிது என்று நினைத்துக்கொண்டோம். மரமேறும் அண்ணன் இரண்டு மட்டை இறக்கித் தந்தார், நூறு ரூபாய். நாங்கள் இன்னும் நான்கு கேட்டோம், மறுத்துவிட்டார். தென்னைக்குப் பனையைப்போலவே வளரும் குருத்து உச்சியில் ஒன்றே ஒன்றுதான். கத்தி தவறி அதில் பட்டால் மரமே பட்டுவிடும். "தோரணம் ஒரு நாளைக்கு, மரம் உங்க பேரப் பிள்ளைக்கும் காய்க்கும்" என்றார். இரண்டு மட்டையைக் கொண்டே வாசலை நிறைக்க வேண்டியிருந்ததால், ஓலைகளை நெருக்கமாகத் தொங்கவிடாமல் ஒரு சாணுக்கு ஒன்றாக வைத்து, இடையிடையே மாவிலைக் கொத்தைச் செருகினோம். அது நெருக்கமாகக் கட்டியதைவிட அழகாகவே இருந்தது.

சனிக்கிழமை மாலை தோரணத்தைக் கட்டி முடித்து இறங்கினோம். எதிர் வீட்டு ஆச்சி வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார்கள். "யாரு பிள்ளைகளா இதைக் கட்டினது? முதல்ல அவுத்துப் போடுங்க" என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓலையை மடித்துக் குருவி விடும் முறையில் மங்கலத்திற்கு ஒரு வகையும் துக்கத்திற்கு ஒரு வகையும் உண்டாம். நாங்கள் அறியாமல் இரண்டாவதைக் கட்டியிருந்தோம். தோழியின் அம்மா அப்போது உள்ளே சமையலில் இருந்தது நல்லதாயிற்று. ஆச்சியே திண்ணையில் உட்கார்ந்து எல்லா ஓலையையும் பிரித்து, எங்கள் கையைப் பிடித்து மறுபடி மடிக்கவைத்தார்கள். மடிப்பின் எண்ணிக்கையும் திசையும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இங்கே படம் போடவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டே கட்டுங்கள்.

வந்தவர்களுக்கு இனிப்பு வைத்துக் கொடுக்கச் சிறு ஓலைப்பெட்டி செய்தோம். திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டில் பெண்கள் இதைத் தொழிலாகவே செய்து பேரெடுத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு நேர்த்தி வராது. காய்ந்த பனங்குருத்தோலையை ஒரு விரல் அகலத்திற்குக் கிழித்து, தண்ணீரில் நன்கு ஊறவைத்து, ஈரம் குறையாமல் பின்ன வேண்டும். உலர்ந்த ஓலை மடித்த இடத்தில் பிளந்துவிடும். நாங்கள் முப்பது பெட்டிக்குத் திட்டமிட்டு, பதினெட்டோடு நிறுத்திக்கொண்டோம். மீதிக்குப் பழைய திருமண அழைப்பிதழ்களை மடித்துப் பெட்டி செய்தோம். ஒவ்வொரு வீட்டிலும் அலமாரிக்கு மேல் ஒரு கட்டு அழைப்பிதழாவது இருக்கும். கெட்டித் தாள், பொன் நிற ஓரம், உட்புறம் வெறுமை. இதைவிட நல்ல அட்டையைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. பெயர் அச்சிட்ட பக்கம் உள்ளே போகுமாறு மடியுங்கள். யாரோ ஒருவர் திருமண நாளும் நேரமும் லட்டுக்குப் பக்கத்தில் தெரிவது நன்றாயிராது.

பின்னணித் திரைக்கு ஒன்றும் வாங்கவில்லை. தோழியின் தாத்தாவுடைய எட்டு முழ வேட்டிகள் இரண்டு, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, ஒரு மூங்கில் கழியில் மடிப்பு விழத் தொங்கவிட்டோம். அதன் மேல் ஓரத்தில் துணித் தோரணம். இரு பக்கமும் துணி ரோஜா. பெயர் எழுத்துகளை அழைப்பிதழ் அட்டையில் வெட்டி நூலில் கோத்தோம். தெர்மாகோல் வேண்டாமென்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அது மக்குவதில்லை, எரித்தால் கரும்புகை. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் கொடிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கடைத்தெருவில் யாராவது பளபளவென்று கொடித் தோரணம் காட்டினால், காகிதமா துணியா என்று கேட்டு வாங்குங்கள்.

புதுநன்மைக் குழந்தையின் மெழுகுதிரியையும் தலைமுடியையும் நாங்களே அலங்கரித்தோம். இதில் அழகைவிடக் கவனம் பெரிது. கடையில் விற்கும் திரிகளில் ரிப்பனும் காகிதப் பூவும் சுடர் வரை ஏறியிருக்கும். நாங்கள் திரியிலிருந்து ஒரு சாண் கீழேதான் ரிப்பனைத் தொடங்கினோம். மெழுகு கையில் வடியாமலிருக்க, நடுவில் ஓட்டையிட்ட வட்ட அட்டையைப் பிடிக்கும் இடத்திற்கு மேலே செருகினோம். தலையில் போடும் வலைத்துணி நைலானாக இருந்தால், பொறி பட்டதும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி வலைத்துணி சற்று விறைப்பாக நிற்கும், நிழற்படத்தில் அவ்வளவு மெல்லியதாகத் தெரியாது. ஆனாலும் அதையே வாங்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். பருத்தியும் தீப்பற்றக் கூடியதுதான். ஆகவே வலையைத் தோளுக்குப் பின்னால் ஊசி குத்தி நிறுத்திவிட்டோம். குழந்தை குனிந்தாலும் அது முன்னால் வராது.

கணக்கு இதோ: கிரேப் தாள் ஐந்து சுருள் 150, கம்பி 40, குருத்தோலை 100, சணல் கயிறு 45, பனையோலை 150, நூலும் மைதாவும் 35, ரிப்பன் 60. மொத்தம் 580 ரூபாய். (வலைத்துணி உடைக் கணக்கில் சேர்ந்தது.) 9,500 எங்கே, 580 எங்கே என்று நாங்கள் பெருமையோடு அருட்சகோதரியிடம் காட்டினோம். அவர்கள் தாளைப் பார்த்துவிட்டு, "எட்டுப் பேர் நான்கு மாலை வேலை செய்தது இதில் எங்கே?" என்று கேட்டார்கள். நியாயந்தான். தோழியின் அம்மாவும் அந்த நான்கு மாலையும் கூலித் தையலை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் எங்களோடு உட்கார்ந்தார். ஒருவரே தனியாக இரவெல்லாம் விழித்துச் செய்தால், கையால் செய்த அலங்காரமும் மலிவானதன்று. பணத்திற்குப் பதில் அம்மாவின் முதுகு செலவாகும். அக்காவும் சித்தியும் பக்கத்து வீட்டாரும் கூடி உட்கார்ந்தால்தான் இந்தக் கணக்கு உண்மையாகும். செய்து தருகிறவர்களைக் கூலி கொடுத்து அழைப்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்கும் விலை வேலைக்குரியது என்பதை நாங்கள் இப்போது அறிவோம். வசதியுள்ளவர்கள் கொடுக்கட்டும். நகை அடகுக்குப் போகும் வீட்டில் அது வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து எல்லாரும் வீட்டிற்கு வந்தபோது, வந்த பெண்கள் திரையைவிடத் துணி ரோஜாவைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள். எங்கள் தோழி, "எங்கம்மா சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள். அவளுடைய அம்மா பரிமாறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். காதில் கம்மல் இருந்தது. அடுத்த வாரமே இருவர் தங்கள் வீட்டு வளைகாப்புக்குத் தோரணம் தைத்துத் தரக் கேட்டு வந்ததாகவும், மீட்டருக்கு இவ்வளவு என்று விலை சொல்லித் தைத்துக் கொடுத்ததாகவும் பின்னர் அறிந்தோம்.

விழா முடிந்ததும் பொருள்களை எடுத்துவைப்பதிலும் கவனம் வேண்டும். ஓலையும் இலையும் வாழைத்தண்டும் எருக்குழிக்குப் போகலாம். கிரேப் பூக்களை நசுக்காமல் அட்டைப் பெட்டியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த விழாவிற்கும் வரும். ஈரக்காற்று பட்டால் சாயம் இறங்கும். துணித் தோரணத்தைத் துவைத்து, ஒரு நீள அட்டையில் சுற்றி வையுங்கள். மடித்து வைத்தால் சிக்கலாகி, அவிழ்ப்பதற்கே ஒரு மாலை போய்விடும்.

அந்த 40 அடித் தோரணம் இதுவரை மூன்று வீடுகளுக்குப் போய் வந்துவிட்டது. நான்காவதாக ஒரு பொன்விழாத் திருமண நாளுக்குப் போயிருக்கிறது. அடுத்து வேண்டுவோர் கைவினை அறைக் கதவில் தொங்கும் ஏட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவைக்கவும். குழம்புக் கறை பட்டிருந்தால் துவைத்துத் தரவும்; மஞ்சள் துணியை மட்டும் நிழலில் காயவைக்கவும்.